மொன்றியல் பிள்ளையின் பாடசாலை நாள்: எது படிப்பு, எது விளையாட்டு?

நவம்பர் மாதத்தில் மொன்றியல் ஆரம்பப் பாடசாலைகளில் பெற்றார் ஆசிரியர் சந்திப்பு நடக்கும். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு ஆசிரியர் பேசுவார். நம்மவர்கள் அங்கே கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வீட்டுப்பாடம் ஏன் இவ்வளவு குறைவு? கொப்பியில் ஏன் எழுத்தே காணோம்? வகுப்பில் பிள்ளை எத்தனையாவது? ஆசிரியர் சொல்ல வருவது வேறாக இருக்கும். இடைவேளையில் பிள்ளை யாரோடு சேர்கிறது, குழுவில் வாய் திறக்கிறதா, உடற்கல்விக்குச் சப்பாத்துக் கொண்டுவருகிறதா என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். பெற்றார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில், "இங்கே படிப்பே இல்லை, ஒரே விளையாட்டுத்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ஒரு பிள்ளையின் பத்தாவது வயதை முழுமையாக எடுத்துக்கொண்டுவிடும். கடந்தகால வினாத்தாள்கள், பின்னேர ரியூசன், ஞாயிறு ரியூசன், பெறுபேறு வந்த நாளில் வெட்டுப்புள்ளி பற்றிய பேச்சு. விளையாட்டு என்றால் ஆண்டின் தொடக்கத்தில் வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டி. அது முடிந்ததும் வேகமாக ஓடக்கூடிய சில பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு மைதானம் மூடப்பட்டுவிடும். போர்க்காலத்தில் அந்தப் படிப்பு ஒன்றுதான் வெளியே போகும் கதவாக இருந்தது. இந்த வழியால் வந்த தாய் தகப்பனிடம், பிள்ளை பனிக்குள் உருண்டு விளையாடுவதும் ஒரு பாடம் என்று சொன்னால் அவர்கள் ஏற்கத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு விளையாட்டு முற்றம், உடற்கல்விக் கூடம், வெளிச்சுற்றுலா ஆகியவை படிப்பின் ஓரத்தில் கிடக்கும் பொழுதுபோக்குகள் ஆகா. பிரெஞ்சு மொழி அங்கேதான் அந்தப் பிள்ளையின் வாயில் உயிர் பெறுகிறது. அந்த மொழி இல்லாமல் இங்கே கணிதமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள, இந்தப் பாடசாலைக்குள் நம் பிள்ளைகள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1983 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர்களுக்கு மொன்றியல் முக்கியமான முதல் வாசல்களில் ஒன்று. 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டார்கள். அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட நகரங்கள் இரண்டு: ரொறன்ரோவும் மொன்றியலும். மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்சன், கோட்-டே-நேஜ் போன்ற வாடகை குறைந்த, நெருக்கமான குடியிருப்புகளில் எங்கள் சனம் குடியேறியது. அந்தப் படகுகள் வந்ததற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கியூபெக் மாகாணத்தின் மொழிச் சட்டம் வந்துவிட்டது. கமீல் லோரன் என்ற அமைச்சர் முன்னின்று கொண்டுவந்த, 101ஆம் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977 ஓகஸ்டில் நிறைவேறியது. அதற்கு முன் இத்தாலியர், கிரேக்கர் முதலிய குடியேறிகள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்பினார்கள். சட்டம் வந்த பிறகு அந்தத் தெரிவு போய்விட்டது. தாய் அல்லது தகப்பன் தன் ஆரம்பக் கல்வியின் பெரும் பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் பிள்ளைக்கு ஆங்கில அரச பாடசாலை கிடைக்கும். மற்றவர்களுக்குப் பிரெஞ்சு.

ஆகவே பெற்றாருக்குத் தெரிந்தது தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும். பிள்ளை படிப்பதோ அவர்களுக்குத் தெரியாத மூன்றாவது மொழியில். வீட்டில் தமிழ், தொலைக்காட்சியில் தமிழ், உறவினர் ரொறன்ரோவில் என்றால் தொலைபேசியில் தமிழும் ஆங்கிலமும். பாடசாலை வாசலைத் தாண்டினால்தான் அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சு. ரொறன்ரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெருவிலும் கடையிலும் திரையிலும் கிடைத்துவிடும். மொன்றியல் பிள்ளைக்குப் பாடசாலையில் கழியும் நேரம் அதைவிட எவ்வளவோ அரியது.

அந்த நேரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். ஐந்து வயதில் மட்டர்னெல் என்ற பாலர் வகுப்பு; 1997 முதல் அது முழுநாள் வகுப்பு. செப்ரெம்பர் 30க்குள் ஆறு வயது நிரம்பியவர்கள் முதலாம் வகுப்புக்குப் போவார்கள். ஆறு ஆண்டுகள், ஈராண்டுக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள். வாரத்துக்கு 25 மணி நேரக் கற்பித்தல். அதில் முதலிரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுக்கு 9 மணி, கணிதத்துக்கு 7 மணி. மூன்றாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சுக்கு 7, கணிதத்துக்கு 5. உடற்கல்விக்கும் உடல்நலத்துக்கும் ஆறு ஆண்டுகளும் வாரம் 2 மணி. மிகுதி நேரத்தில் ஆங்கிலம், கலை, விஞ்ஞானம், சமூகக் கல்வி. கலையில் நாடகம், ஓவியம், நடனம், இசை என்ற நான்கில் இரண்டைப் பாடசாலை கற்பித்தாக வேண்டும். உடற்கல்விக்கென்று பயிற்சி பெற்ற தனி ஆசிரியர் இருப்பார். இந்த மணிக் கணக்கு வழிகாட்டல்தான்; எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றாரும் ஊழியரும் சேர்ந்த நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்துத் தீர்மானிக்கிறது. இந்தச் செய்தியைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

படிப்பே இல்லை என்ற குற்றச்சாட்டு இந்தக் கணக்கின் முன் நிற்காது. முதலிரண்டு வகுப்புகளில் வாரத்தில் பாதிக்கு மேல், 16 மணி நேரம், எழுத்துக்கும் எண்ணுக்கும் போகிறது. நான்காம் வகுப்பின் முடிவில் பிரெஞ்சிலும், ஆறாம் வகுப்பின் முடிவில் பிரெஞ்சிலும் கணிதத்திலும் அமைச்சின் பரீட்சை உண்டு. சொல்வதெழுதுதல், அவர்கள் டிக்தே என்று சொல்வது, இங்கே ஒரு பண்பாடு என்றே சொல்லலாம். கியூபெக்கின் முதல் கல்வி அமைச்சராக 1964இல் பொறுப்பேற்ற போல் ஜெறன்-லாஜுவா பெயரில் அமைந்த அறக்கட்டளை, 1991 முதல் பாடசாலைகள் தோறும் சொல்வதெழுதுதல் போட்டி நடத்தி, வறிய நாடுகளின் கல்விக்கு அதன் மூலம் நிதி திரட்டுகிறது. 2022இல் நடந்த பீசா பன்னாட்டுத் தேர்வில் கியூபெக்கின் 15 வயதுப் பிள்ளைகள் கணிதத்தில் 514 புள்ளிகள் பெற்றார்கள். கனடாவின் சராசரி 497. வகுப்பில் எத்தனையாவது என்பதைத் தேர்ச்சி அறிக்கை சொல்லாது, குழுவின் சராசரியை மட்டும் காட்டும். கொப்பி பாரமில்லை என்பதால் கணிதம் நடக்கவில்லை என்று பொருளாகாது.

இனி மொழிக்கு வருவோம். இந்தக் கேள்வியின் நடுப்பகுதி அதுதான். பிரெஞ்சு அறியாமல் வரும் பிள்ளைகளுக்கு இங்கே வரவேற்பு வகுப்புகள் உண்டு. அக்கெய் என்று நம் பிள்ளைகளே சொல்வார்கள். 1960களின் இறுதியில் மொன்றியலில் தொடங்கிய ஏற்பாடு இது. சிறிய வகுப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர், முழுநாளும் பிரெஞ்சு. ஓராண்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ அங்கே இருந்துவிட்டுப் பிள்ளை வழமையான வகுப்புக்கு மாறும். இதன் நன்மை பெரிது. ஆனால் ஒரு குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது: அந்த வகுப்பில் பிரெஞ்சைப் பிறப்பிலிருந்து பேசும் பிள்ளை ஒருவரும் இல்லை, ஆசிரியர் மட்டுமே. எல்லோரும் ஒரே தடுமாற்றத்தில் இருப்பவர்கள். தன் வயதுப் பிள்ளை ஒன்று வேகமாக, பிழையோடும் கொச்சையோடும் கியூபெக் பிரெஞ்சு பேசுவதை அந்தப் பிள்ளை கேட்கும் இடம் முற்றம். அங்கே யாருடைய முறை, கோடு தாண்டினாயா, பந்து பட்டதா என்று வாதாடினால்தான் ஆட்டத்தில் இடம். வாதாடும் பிள்ளைக்கு இலக்கணம் பற்றிய வெட்கம் இருக்காது. வகுப்பில் மாதக்கணக்காக மௌனமாக இருந்த பிள்ளை முதல் முழு வாக்கியத்தை முற்றத்தில் கத்துவது பல ஆசிரியர்கள் அறிந்த அனுபவம்.

ஆனாலும் முற்றத்துப் பிரெஞ்சு எல்லாவற்றுக்கும் போதுமானது என்று நான் சொல்ல வரவில்லை. ரொறன்ரோவில் பணியாற்றிய ஆய்வாளர் ஜிம் கமின்ஸ், குடியேறிப் பிள்ளைகள் பேச்சுமொழியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்கிறார்கள், பாடநூலின் மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று காட்டினார். பல பெற்றார் ஏமாறும் இடம் இது. பிள்ளை சரளமாகப் பேசுகிறதே, பிறகு ஏன் வாசிப்பில் புள்ளி குறைகிறது என்று கேட்கிறார்கள். பேச்சு முதல் படி. வாசிப்பு அதன்மேல் ஏறும் அடுத்த படி. முதற்படி உறுதியாக இல்லாத பிள்ளையை ரியூசனில் கொண்டுபோய் உட்காரவைத்து இலக்கணப் பயிற்சி கொடுத்தால், அது புரியாத சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு வரும்.

முற்றத்தின் மதிப்பை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2019 முதல் ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையும் நாளுக்கு இரண்டு இடைவேளைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 நிமிடம், கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அதற்கு முன் சில பாடசாலைகளில் இடைவேளை பத்துப் பதினைந்து நிமிடமாகச் சுருங்கிக் கிடந்தது. அந்த நிமிடங்களில் பாதி சப்பாத்து மாற்றுவதிலேயே போய்விடும்.

முற்றத்தில் எந்த மொழி பேசலாம் என்பதும் இங்கே பெரிய விவாதமாகியிருக்கிறது. 2011இல் மொன்றியலின் மிகப் பெரிய பிரெஞ்சுப் பாடசாலைச் சபை, இடைவேளையிலும் பிரெஞ்சே பேச வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தபோது ஊர் இரண்டுபட்டது. பிள்ளைகளின் வாயைக் காவல் காக்க வேண்டிய தேவை இல்லை என்பது என் எண்ணம். பார்க் எக்ஸ்ரென்சன் பாடசாலை ஒன்றின் முற்றத்தில் தமிழ், வங்காளம், பஞ்சாபி, உருது, கிரேக்கம், அரபு எல்லாம் நிற்கும். ஆறு மொழிக்காரர் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆட வேண்டுமென்றால் அவர்களுக்குப் பொதுவாக இருப்பது பிரெஞ்சு ஒன்றுதான். ஆட்டமே மொழியைத் தெரிந்தெடுத்துவிடுகிறது.

வீட்டில் தமிழ் பேசினால் பிரெஞ்சு கெடுமோ என்ற பயத்துக்கும் இந்த நகரமே பதில் வைத்திருக்கிறது. 1962இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் பீல், வாலஸ் லம்பேர்ட் இருவரும் மொன்றியலின் பத்து வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்குவார்கள் என்பதே அதுவரை பரவலாக இருந்த நம்பிக்கை. முடிவு நேர்மாறாக வந்தது: இரு மொழியும் நன்கு அறிந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பல தேர்வுகளில் மேலே நின்றார்கள். உலகம் முழுவதும் இருமொழிக் கல்வி பற்றிய எண்ணத்தைத் திருப்பிய ஆய்வு இது. நம் வீடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த ஆய்வு; நம்மில் பலர் இதைக் கேள்விப்படவில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

அடுத்து விளையாட்டு. மொன்றியலில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் பனி விழுகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பிள்ளை பனிக்காற்சட்டை, தடித்த அங்கி, பூட்ஸ், கையுறை, தூக் எனப்படும் கம்பளித் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டுதான் வெளியே போகும். குளிர்காற்று மிகவும் கடுமையான நாட்களில் மட்டும் இடைவேளை உள்ளே நடக்கும். மற்ற நாட்களில் எல்லோரும் வெளியே. தடிமன் பிடிக்கும் என்று பயந்து, பிள்ளையை உள்ளேயே வைத்திருக்கும்படி கடிதம் கொடுக்கும் பெற்றார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தன் பனிக்காற்சட்டையைத் தானே மாட்டி, தன் பூட்ஸைத் தானே கட்டி, இருபது பிள்ளைகளோடு வரிசையில் நிற்பது இந்த நாட்டில் அது கற்கும் முதற் பாடங்களில் ஒன்று. மாட்டத் தெரியாத பிள்ளை எல்லோரும் போன பிறகு தனியே போகும், ஆட்டம் தொடங்கியிருக்கும். மட்டர்னெல் தொடங்கும் முன் வீட்டில் அம்மாவோ அப்பாவோ செய்யக்கூடிய பெரிய உதவி, இந்த உடுப்புகளைத் தானே போட்டுப் பழக்குவதுதான். எழுத்துப் பழக்குவதைவிட இதற்கு அவசரம் அதிகம் என்று துணிந்து சொல்வேன்.

உட்புற அரங்கில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஐஸ் ஹொக்கி ஆட்டம் உலகில் முதன்முதலாக நடந்தது இந்த நகரத்தில்தான், 1875 மார்ச் 3 அன்று. ஆனால் கழக ஹொக்கி விளையாட உபகரணமும் கட்டணமும் வேண்டும். இரண்டு வேலை செய்யும் குடும்பத்துக்கு அது எட்டாத தூரம். நகரப் பூங்காக்களின் பனித்திடல்களில் சறுக்குவதற்குக் காசில்லை, பழைய சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி இருந்தால் போதும். பாடசாலை உடற்கல்விக் கூடத்தில் பந்தோடும் பிளாஸ்ரிக் தடியோடும் எல்லாப் பிள்ளையும் ஹொக்கி ஆடும். கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே உடற்பயிற்சி கற்பித்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவரும் குளிர்காலத்தில் உள்ளே அடைபட்ட மாணவர்களை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் கின்-போல். 1986இல் கியூபெக்கின் உடற்கல்வி ஆசிரியர் மரியோ டெமேர் உருவாக்கியது. இன்று இந்த மாகாணத்துப் பிள்ளைகள் பரவலாக அறிந்தது. பந்தின் விட்டம் 1.22 மீற்றர், எடை ஒரு கிலோ அளவு. இரண்டு அணி இல்லை, மூன்று அணிகள் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும், ஒவ்வொன்றிலும் நால்வர். பந்தை அடிக்கும் அணியில் நால்வரும் அந்த நேரத்தில் பந்தைத் தொட்டிருக்க வேண்டும். அடிக்கும் முன் "ஒம்னிகின்" என்று கத்தி, எந்த அணி பந்தைப் பிடிக்க வேண்டும் என்பதை அதன் நிறத்தின் பெயரால் அழைக்க வேண்டும். அழைக்கப்பட்ட அணி பந்து நிலத்தில் படுமுன் பிடிக்காவிட்டால் மற்ற இரண்டு அணிகளுக்கும் புள்ளி. இந்த விதிகளை ஒரு புதுப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். வேகமாக ஓடத் தெரிந்தவன் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு ஆட முடியாது, ஏனென்றால் நாலு பேரும் தொட வேண்டும். பேசாமல் ஆட முடியாது, ஏனென்றால் கத்த வேண்டும். காதைத் தீட்டாமலும் ஆட முடியாது, ஏனென்றால் தன் அணியின் நிறம் எப்போது வரும் என்று தெரியாது. மொழி தெரியாத பிள்ளையை ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் இழுத்துப் போடும் ஆட்டம் இது.

விளையாட்டுக்குக் கொடுக்கும் நேரம் படிப்பிலிருந்து திருடிய நேரம் என்ற பயத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வும் கியூபெக்கிலேயே நடந்திருக்கிறது. மொன்றியலுக்கும் கியூபெக் நகருக்கும் இடையில் இருக்கும் துறுவா-றிவியேர் பகுதியில் 1970களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ரொறன்ரோவின் றோய் ஷெப்பர்டும் கியூபெக் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி, தனி ஆசிரியரின் உடற்கல்வி. அதற்காக மற்றப் பாடங்களின் நேரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. முதலாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கினார்கள். பிறகு மற்றவர்களை முந்தினார்கள். பாட நேரம் குறைந்தும் புள்ளி குறையவில்லை. நம் பெற்றார் சந்திப்புகளில் இந்த ஒரு செய்தியை எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னேரம் திரும்பக் கிடைக்கும்.

இந்த அறிவின் தொடர்ச்சியாக, ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்ற இலக்கோடு 2017 முதல் அரசு பாடசாலைகளுக்கு நிதி கொடுக்கிறது. பியேர் லவுவா என்பவரின் இயக்கமும் குறிப்பிடத் தக்கது. அரிய பரம்பரை நோயால் தன் இரண்டு பிள்ளைகளை இழந்த விளையாட்டு வீரர் அவர். அவருடைய இயக்கத்தில் 15 நிமிட உடற்பயிற்சிக்கு ஒரு "சக்திக் கட்டி" என்று பிள்ளைகள் மே மாதத்தில் கணக்கு எழுதுவார்கள். பெற்றாரும் கூட நடந்தால், ஓடினால் அதுவும் கணக்கில் சேரும். மே மாதப் பின்னேரங்களில் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் மறுக்காமல் எழும்பிப் போங்கள்.

இலக்குகள் நல்லவை, இடம்தான் போதவில்லை. நகரின் நெருக்கமான பகுதிகளில் முற்றம் என்பது கம்பிவேலிக்குள் ஒரு தார்த்தரை. ஒரு கூடத்தை முழுப் பாடசாலையும் மாறி மாறிப் பாவிக்க வேண்டும். மாடிக் குடியிருப்பில் பூட்டிய கதவுக்குள் பின்னேரம் கழிக்கும் பிள்ளைக்கு இந்தத் தார்த்தரை எவ்வளவு பெரியது என்பது, வீட்டுக்குப் பின்னால் தோட்டம் உள்ளவர்களுக்கு விளங்காது.

வெளிச்சுற்றுலாக்கள் பற்றியும் பேச வேண்டும். மார்ச், ஏப்ரலில் மேப்பிள் பாகு காய்ச்சும் குடிசைக்கு வகுப்போடு போவார்கள். காய்ச்சிய பாகைப் பனியில் ஊற்றித் தடியில் சுற்றித் தின்பது பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பேசும் சங்கதி. மூன்றாம் வகுப்பையொட்டிய பிள்ளைகளுக்கு, தண்ணீரில் விழுந்தால் உயிர் தப்பும் அளவுக்கு நீந்தப் பழக்கும் திட்டம் உண்டு. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் தெருவில் சைக்கிள் ஓட்டும் பயிற்சியைச் சில பாடசாலைகள் கொடுக்கின்றன. சில வகுப்புகள் இரண்டு மூன்று நாள் காட்டுப் பக்கம் தங்கி வரும். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் "வேண்டாம்" என்ற சொல் அதிகம் கேட்கிறது. பொம்பிளைப் பிள்ளையை இரவு தங்க விடமாட்டோம், அங்கே பன்றி இறைச்சி போடுவார்கள், காசு கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கவலை நியாயமானது, பாகுக் குடிசையின் பழைய உணவில் பன்றி இறைச்சி நிறையத்தான் உண்டு. மரக்கறி வேண்டுமென்று படிவத்தில் எழுதினால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். காசு விடயத்தில் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பெற்றாரிடம் பாடசாலைகள் வாங்கிய கட்டணங்களுக்கு எதிராகத் தொடுத்த கூட்டு வழக்கில் 2018இல் 153 மில்லியன் டொலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க உடன்பாடு வந்தது, அடுத்த ஆண்டில் எதற்குக் கட்டணம் கேட்கலாம் என்று சட்டமும் வந்தது. நீச்சலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மறுக்காதீர்கள். ஆறும் ஏரியும் சூழ்ந்த தீவு இது.

பாடசாலை விட்ட பிறகும் பிள்ளையின் நாள் முடிவதில்லை. தொழிற்சாலை, உணவகம், துப்புரவு வேலை என்று நேரம் மாறி மாறி உழைக்கும் பெற்றாருக்கு, பாடசாலைக்குள்ளேயே நடக்கும் பராமரிப்புச் சேவை பெரிய உதவி. கார்டெறி என்று சொல்லப்படும் அந்தச் சேவையில் பின்னேரம் ஆறு மணிவரை பிள்ளை இருக்கும், ஆடும், கைவேலை செய்யும். காலைப் பசிக்கு 1994இல் மொன்றியலுக்கு எதிர்க்கரையில் லோங்கேயில் தொடங்கிய காலையுணவுக் கழகம் பல பாடசாலைகளில் உணவு கொடுக்கிறது. மதிய உணவு மட்டும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே போக வேண்டும். நாடளாவிய பாடசாலை உணவுத் திட்டத்துக்குக் கனடிய மத்திய அரசு ஐந்தாண்டுக்கு ஒரு பில்லியன் டொலர் அறிவித்தது 2024இல்தான். காமராசர் காலத்தில், 1950களிலேயே மதிய உணவைத் தொடங்கி, 2022 செப்ரெம்பர் 15 முதல் காலை உணவையும் கொடுக்கும் தமிழ்நாட்டிடமிருந்து பணக்கார நாடு ஒன்று கற்க வேண்டிய பாடம் இது.

இந்தப் பாடசாலை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தனியார் பாடசாலை, தெரிவுப் பரீட்சை வைத்துச் சேர்க்கும் அரச பாடசாலை, வழமையான அரச பாடசாலை என்று மூன்று வேகத்தில் ஓடும் கல்வி என்று இங்கேயே சொல்கிறார்கள். 2016இல் கியூபெக்கின் கல்வி உயர் ஆலோசனைச் சபை இந்த ஏற்றத்தாழ்வை வெளிப்படையாக எச்சரித்தது. எங்கள் பெற்றார் இதை விரைவாகப் புரிந்துகொண்டார்கள். ஒன்பது வயதிலேயே தெரிவுப் பரீட்சைக்கு ரியூசன் தொடங்கிவிட்டது. ஊரில் விட்டுவந்த புலமைப்பரிசில் இங்கே வேறு பெயரில் எழும்புகிறது. அதற்காகப் பெற்றாரைக் குறை சொல்ல மாட்டேன். வழமையான வகுப்பில் ஆசிரியர் தட்டுப்பாடு, இடநெருக்கடி எல்லாம் உண்மை. 2023 நவம்பர் 23 முதல் மொன்றியல் ஆசிரியர்கள் சம்பளத்தோடு வகுப்பின் நிலைமையையும் முன்வைத்துக் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்தார்கள். 22 பாடசாலை நாட்கள் வகுப்பு நடக்கவில்லை. அந்த நாட்களில் வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் கிடைத்தார். நம் பிள்ளைகளில் பலருக்கு ஒரு மாதத்துப் பிரெஞ்சு போனது.

எங்கள் சொந்த வீட்டிலும் ஒரு குறை இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளைத் தொண்டர்கள் அரும்பாடுபட்டு நடத்துகிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் அங்கே பிள்ளை பெரும்பாலும் வாங்கில் இருந்து எழுத்தைப் பார்த்து எழுதுகிறது. ஐந்து நாட்களும் ஓடி ஆடிப் பிரெஞ்சு கற்ற பிள்ளை, ஆறாம் நாள் அசையாமல் இருந்து தமிழ் கற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு எந்த மொழி இனிக்கும்? கிளித்தட்டு இருக்கிறது. கிட்டிப்புள்ளு இருக்கிறது. எட்டுக்கோடு, கொக்கான் வெட்டுதல், ஒளித்துப் பிடித்தல் இருக்கின்றன. கிளித்தட்டில் யார் கிளி, எந்தத் தட்டு, யார் அடிபட்டது என்று தமிழில் சண்டை பிடிக்காமல் ஆட முடியாது. இரண்டு மணி வகுப்பில் அரை மணி நேரம் இதற்குக் கொடுத்தால், கொப்பியில் வராத தமிழ் வாயில் வரும். 1970களின் இறுதியிலிருந்து இங்கே அரச பாடசாலைகளில் பூர்வீக மொழி கற்பிக்கும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. இத்தாலிய, கிரேக்க, போர்த்துக்கேய, ஸ்பானிய மொழிகளுக்காகத் தொடங்கியது. தொகையாகப் பெற்றார் கேட்கும் மொழிக்குத்தான் அதில் வாய்ப்பு. தமிழுக்காகக் கேட்பவர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

கேட்கும் இடம் எது என்பதில்தான் நாம் பின்னுக்கு நிற்கிறோம். ஒவ்வொரு அரச பாடசாலையிலும் நிர்வாகக் குழு ஒன்று உண்டு. அதில் பெற்றாரும் ஊழியரும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள்; தலைவர் பெற்றாரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். உடற்கல்விக்கு எத்தனை மணி, எந்தச் சுற்றுலா என்பவை அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நடவாது. 2020இல் பிரெஞ்சுப் பாடசாலைச் சபைகள் கலைக்கப்பட்டுச் சேவை மையங்களாக மாறிய பிறகும் இந்த அதிகாரம் குழுக்களிடமே இருக்கிறது. ஆனால் பல பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும் அந்த மேசையில் தமிழ்ப் பெற்றார் இல்லை. பிரெஞ்சு தெரியாது என்ற கூச்சம், வேலை நேரம், எங்களை யார் கேட்பார்கள் என்ற பழைய எண்ணம்.

பிரெஞ்சு தெரிந்த மூத்த பிள்ளையையோ, இங்கே படித்து வளர்ந்த தம்பி தங்கையையோ கூட அழைத்துக்கொண்டு போகலாம். இங்கே ஆரம்பப் பாடசாலை முடித்த எங்கள் முதல் தலைமுறை இப்போது தானே தாய் தகப்பனாகிவிட்டது; அவர்களுக்கு மொழித் தடையும் இல்லை, அந்த மேசையில் இருக்க வேண்டிய முதல் ஆட்கள் அவர்கள்தான். குழுவுக்கான பெற்றாரைத் தெரிவுசெய்யும் பொதுக்கூட்டம் ஆண்டுதோறும் பாடசாலை தொடங்கிய சில வாரங்களில், செப்ரெம்பரில் நடக்கும். பிள்ளையின் பையில் அறிவித்தல் வரும். அதை எடுத்து வாசியுங்கள், அன்று மாலை வேலையிலிருந்து நேரம் கேட்டு வாங்குங்கள், போய் உங்கள் பெயரைக் கொடுங்கள்.